குழாய் ஸ்பீக்கர், நாய் மார்க் தட்டு, சீரியல் லைட்: டெல்டாவோட டிஜே ஓவியங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் சென்னையில ஒரு கஃபேக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்க எல்பி ரெக்கார்டு. சிலதை வெட்டி கடிகாரம் ஆக்கியிருந்தாங்க. சிலது மேல பெயின்ட்ல ராஜா சார் முகம். ஒரு மூலையில ஹெட்போன் மாட்டின புத்தர். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. கூட வந்த ஃப்ரெண்டு, இதெல்லாம் நியூயார்க் சமாச்சாரம், நமக்கு ஏதுடா டிஜேன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏன்னா நான் வளர்ந்த வீட்டுத் திண்ணையில ஒரு டிஜே உட்கார்ந்திருந்தார். என் மாமா.

அம்மாவோட தம்பி. தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசம் பக்கம். ஊர்ல அவருக்குப் பேரு "ரேடியோ செட்டுக்காரர்". அந்த செட்டுல ரேடியோவே கிடையாதுங்கறது வேற விஷயம். ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு தகரப் பெட்டி நிறைய தட்டு. 1970-கள்ல ஆரம்பிச்சது. இன்னிக்கு எபிசோடு அந்தப் பெட்டியைப் பத்தியும், அதைச் சுத்தி வளர்ந்த படங்களைப் பத்தியும்தான். வினைல், டிஜே, இதுல இருந்து பிறந்த ஓவியம்னு உலகம் முழுக்கப் பேசுறாங்களே, அதுக்கு டெல்டாவுல என்ன கணக்கு? பெரிய கணக்கே இருக்கு. கையெழுத்துப் போடாதவங்க செஞ்சதுங்கறதால யாரும் எழுதி வைக்கல, அவ்வளவுதான்.

யாரு டிஜே?

முதல்ல வேலையைப் பாப்போம். டிஜேன்னா பாட்டு போடுறவர் மட்டும் இல்ல. கூட்டத்தோட முகத்தைப் பாத்து அடுத்த பாட்டை முடிவு பண்றவர். மாமா செஞ்சதும் அதேதான். விடியக்காலையில சீர்காழி கோவிந்தராஜனோட பிள்ளையார் பாட்டு. தர்கா கந்தூரின்னா நாகூர் ஹனிபா. கவனிச்சீங்களா, ரெண்டு பேருக்குமே பேருல டெல்டா ஊர் ஒட்டியிருக்கு. ஹனிபா குரல் தர்காவுல எவ்வளவு கேட்டுச்சோ அதே அளவு தி.மு.க. மேடையிலயும் கேட்டுச்சு. அதனால எந்தத் தட்டை எங்க போடணும்னு தெரியாதவர் இந்தத் தொழில்ல தாக்குப்பிடிக்க முடியாது.

அப்புறம் வசனம். பாட்டு இல்லாம வெறும் சினிமா வசனத்தையே தட்டா வித்த காலம் அது. 'பராசக்தி' 1952-ல வந்துச்சு. அதை எழுதின கருணாநிதி திருக்குவளைக்காரர், திருவாரூர் பக்கம். அந்த மாதிரி வசனம் குழாய்ல ஓடினா, அறுவடை ஆகிட்டிருக்குற வயல்லகூட ஆளுங்க அப்படியே நின்னு கேப்பாங்கன்னு மாமா சொல்லுவார்.

டெல்டாவுக்குன்னே ஒரு சிக்கல் உண்டு. இங்க நாதஸ்வரம்தான் ராஜா. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஊதின மண்ணு. முகூர்த்தத்துல தவில் முதல் அடி விழுறதுக்கு முன்னாடி தட்டு நிக்கணும். ஒரு நொடி லேட்டானாலும் மேளக்காரர் முறைப்பார், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கத்துவாங்க. மாமா பிளேயர் பக்கத்துல உட்கார்ந்தாலும் கண்ணு மேளம் மேலயேதான் இருக்கும். இன்னிக்கு சாஃப்ட்வேர்ல ஒரு ஸ்லைடரைத் தள்ளி க்ராஸ்ஃபேட் பண்றோம். அவர் சவுண்டைத் திருகிக் குறைச்சு, ஊசியைத் தூக்கி, அந்த இடைவெளியில மைக்ல ரெண்டு வார்த்தை பேசி முடிச்சிருவார்.

இதோட இன்னொரு பக்கமும் இருக்கு, அதை விட்டுட்டுப் பேசக் கூடாது. குழாயை எந்தத் தெருவைப் பாத்துத் திருப்புறதுங்கறது சாதி விவகாரம். கோயில் திருவிழாவுக்கு நாலு குழாய் கட்டினா, வயல்ல வேலை செய்யுறவங்க இருக்குற தெருவுக்கு ஒண்ணு திருப்புவாங்களா மாட்டாங்களா? அதுக்காக அடிதடி நடந்திருக்கு. சத்தம் யாருக்குப் போய்ச் சேரணும்னு முடிவு பண்ற அதிகாரமும் ஒரு அதிகாரம்தான்.

சீசன்கூட நெல்லை வெச்சுத்தான். தை மாசம் சம்பா அறுவடை முடிஞ்சு கையில காசு வந்ததும் கல்யாணம், காதுகுத்து, திருவிழா. ஐப்பசி, கார்த்திகை மழையில குழாய் எல்லாம் பரண்ல தூங்கும். அந்த ஓய்வு மாசங்கள்லதான் பெயின்ட் வேலை நடக்கும். ஓவியம் இந்தக் கதைக்குள்ள நுழையுறது அங்கதான்.

நாய்ல இருந்து ஆரம்பிக்கலாம்

ரெக்கார்டுல இருந்து பிறந்த ஓவியம்னா உலகத்துலயே ரொம்பப் பேர் பாத்த படம் எது? என் ஓட்டு நாய்க்குத்தான். குழாய்க்கு முன்னாடி தலையைச் சாய்ச்சு உட்கார்ந்திருக்கும்ல, ஹெச்எம்வி நாய். அது லோகோவா வரைஞ்சதில்ல, ஆயில் பெயின்டிங். பிரான்சிஸ் பராட்னு ஒரு ஆங்கில ஓவியர் வரைஞ்சது. நாய் பேரு நிப்பர். முதல்ல அவர் வரைஞ்சது எடிசன் காலத்து உருளை ஃபோனோகிராஃப் முன்னாடி நாய் இருக்குற மாதிரி. கிராமபோன் கம்பெனிக்காரங்க, அந்த மெஷினை அழிச்சுட்டு எங்க மெஷினை வரைஞ்சா வாங்கிக்கிறோம்னாங்க. 1899-ல அப்படியே நடந்துச்சு. படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. மேல பூசின பெயின்டுக்கு அடியில பழைய மெஷினோட தடம் இன்னமும் இருக்கு.

ஒரு கம்பெனி சொன்னதுக்காக ஓவியத்துல மெஷினையே மாத்தின கதை இது. இந்தப் படம்தான் தட்டு லேபிள்ல, ஊசி டப்பாவுல, கடை போர்டுல எல்லாம் ஏறி நம்ம ஊருக்கு வந்து சேர்ந்துச்சு. ஊசி டப்பா தெரியுமா? அந்தக் கால இரும்பு ஊசி ஒரு பக்கம் ஓடினதும் மழுங்கிடும், மாத்தணும். அதனால குட்டித் தகர டப்பாவுல 200 ஊசியா வித்தாங்க. எங்க பாட்டி அப்படி ஒரு காலி டப்பாவுலதான் குங்குமம் வெச்சிருந்தாங்க. சின்ன வயசுல எனக்கு அந்த நாய் ஏதோ ஒரு சாமியோட வாகனம்னு நினைப்பு.

தட்டுன்னா தட்டு

இப்ப ஒரு வார்த்தையைப் பாருங்க. இங்கிலீஷ்ல ரெக்கார்டுன்னா பதிவு. தமிழ்ல அதுக்கு இசைத்தட்டுன்னு பேரு வெச்சாங்க. நம்ம ஆளுங்க அதைப் பொருளாப் பாத்தாங்க, வட்டமா ஒரு தட்டா. ஆனா தஞ்சாவூர்ல தட்டுன்னா முன்னாடியே ஒண்ணு இருக்கு. தஞ்சாவூர்க் கலைத்தட்டு. நடுவுல ஒரு சாமி, சுத்தி வட்ட வட்டமா பூவேலை, சின்னச் சின்ன உருவங்கள். ரெண்டாம் சரபோஜி காலத்தோட, அதாவது 1798-லேருந்து 1832 வரைக்கும், சேர்த்துச் சொல்றாங்க. தஞ்சாவூர் போய் கவர்ன்மென்ட் ஆளுங்க யாருக்காவது பொன்னாடைக்குப் பதிலா நினைவுப் பரிசு குடுக்குறதைப் பாத்திருந்தீங்கன்னா, இந்தத் தட்டையும் பாத்திருப்பீங்க.

ரெண்டுக்கும் நேரடி சம்பந்தம் எதுவும் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா செய்முறையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா சுவாரஸ்யம். கலைத்தட்டுக்கு அடியில பித்தளைத் தட்டு. மேல வர்ற சாமி உருவம் மெல்லிசு வெள்ளித் தகடு. அந்தத் தகட்டை உலோக அச்சு மேல வெச்சுத் தட்டித் தட்டி உருவம் எழுப்புவாங்க. பின்பக்கக் குழியில மெழுகு மாதிரி ஒரு கலவையை நிரப்பி, தட்டு மேல பதிப்பாங்க.

78 ஆர்பிஎம் தட்டு? அது அரக்கு. மரத்துல ஒரு பூச்சி விடுற பிசின். பெரும்பகுதி நம்ம நாட்டுக் கிழக்குப் பகுதிக் காடுகள்ல இருந்து உலகம் முழுக்கப் போச்சு. அதோட கல்பொடி, கறுப்புக்குக் கரி. சூடான கலவையை ரெண்டு உலோக அச்சுக்கு நடுவுல வெச்சு அழுத்துவாங்க. பாட்டோட பள்ளம் அச்சுல மேடா இருக்கும், தட்டுல வந்ததும் பள்ளமாகிடும். லேபிள் பேப்பரும் அதே அழுத்தத்துல சேர்ந்தே ஒட்டிக்கும். அதனாலதான் பழைய தட்டுல லேபிளை உரிக்கவே முடியாது. ஆரம்பத்துல நம்ம ஆளுங்க பாடினது அச்சாக ஜெர்மனியில ஹானோவர் வரைக்கும் போச்சு. 1908-லேருந்து கல்கத்தாவுலயே அச்சானது. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். உலகம் விட்டுட்ட பிறகும் இங்க 78 ரொம்ப நாள் ஓடுச்சு. பீட்டில்ஸ் பாட்டே 78 தட்டா இந்தியாவுல வந்திருக்கு, வெளிநாட்டு கலெக்டர்ஸ் அதைத் தேடி அலையுறாங்க.

ஆக அச்சுல அழுத்தி வட்டத்துல பதிக்கிறதுங்கறது ரெண்டுக்கும் பொது. ஒண்ணுல பதியுறது சாமி, இன்னொண்ணுல குரல். இன்னிக்கு ஆர்ட்டிஸ்டுங்க வினைல் மேல பெயின்ட் பண்றப்போ ஏன் எல்லாரும் நடுவுல ஒரு முகம், சுத்தி வளையம்னே போடுறாங்கன்னு யோசிச்சிருக்கேன். வட்டமும் நடுவுல ஒரு ஓட்டையும் இருந்தா கை தானா அப்படித்தான் போகுது. தஞ்சாவூர்ல அந்த டிசைன் முன்னாடியே கைவசம் இருந்துச்சு.

(சின்ன விளையாட்டு யோசனை: தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு ஹெட்போன் மாட்டினா அதைவிடப் பொருத்தமான டிஜே சிலை உலகத்துல கிடையாது. யாராவது செஞ்சீங்கன்னா எனக்கு ஒண்ணு அனுப்புங்க.)

உறையில இருக்குற எழுத்து

தட்டு முதல்ல பழுப்புக் காகித உறையிலதான் வந்துச்சு. நடுவுல வட்ட ஓட்டை, அது வழியா லேபிள் தெரியும். உறை மேல படம் போடலாம்னு யோசனை வந்ததே 1940-லதான். அமெரிக்காவுல கொலம்பியா கம்பெனியில அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்னு 23 வயசுப் பையன் ஆரம்பிச்சான். அவனோட முதல் உறையில என்ன படம் தெரியுமா? ஒரு தியேட்டர் முகப்பு, அதுல விளக்கு வெளிச்சத்துல பாட்டு எழுதினவங்க பேரு எழுதியிருக்குற மாதிரி. இந்த விளக்கு எழுத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வரும்.

தமிழ் சினிமா இபி, எல்பி உறைகள் 60-கள், 70-கள்ல கலர்ல வர ஆரம்பிச்சப்போ அதுல ஒரு ரகசியக் கடிகாரம் இருக்கு. 1978 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிச்சு. அதுக்கு முன்னாடி ணை, லை, ளை, னை இதெல்லாம் இப்ப எழுதுற மாதிரி இல்ல. எழுத்துக்கு மேல யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வரும். இப்ப இளையராஜா பேரை எடுத்துக்கங்க. 'அன்னக்கிளி' வந்தது 1976. அப்போ அவர் பேரைத் தமிழ்ல எழுதினா தும்பிக்கை 'ளை'. சில வருஷம் கழிச்சு வந்தா இப்ப இருக்குற 'ளை'. பழைய கடையில ஒரு உறையோ போர்டோ கையில கிடைச்சா, வருஷம் போட்டிருக்கலன்னாலும் அந்த ஒரு எழுத்தை வெச்சு ஓரளவு காலம் சொல்லலாம். ஓரளவுதான். கவர்ன்மென்ட் ஆர்டர் போட்டதுக்காக பெயின்டர் கை ஒரே நாள்ல மாறிடாது. அந்த வளைவை இழுக்குறதுல அவங்களுக்கு ஒரு சந்தோஷம். பிரஷ்ஷை ஒரே மூச்சுல சுழட்டி எடுக்கலாம்.

போர்டு எழுதுறவங்க பத்திப் பேசுறப்போ ஒருத்தர் பேரைச் சொல்லியே ஆகணும். கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதுற ஓவியர். வாழ்க்கை முழுக்கப் புத்தகம், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம்னு மத்தவங்க தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் காலத்துக்கு அப்புறம் 1994-ல அதுதான் சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆச்சு. நாடகம், சினிமா, கிராமபோன் பாட்டுப் புத்தகங்களோட அட்டைகளை இன்னிக்கு நாம பாக்க முடியுதுன்னா அதுக்கு ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் காரணம். அந்த அட்டையோட மதிப்பு பேராசிரியர்களுக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எழுத்து எழுதுற கைக்கு எழுத்தோட அருமை தெரியும்தானே.

மாமாவோட குழாய்கள்லயும் எழுத்து உண்டு. மழை மாசத்துல கும்பகோணத்துல இருந்து ஒரு பெயின்டர் வருவார். குழாயோட வாய் விளிம்பைச் சுத்தி எனாமல் பெயின்ட்ல கடை பேரும் ஊர் பேரும். உள்பக்கம் தாமரை இதழ் மாதிரி சிவப்பு, மஞ்சள் பட்டை. கீழ இருந்து பாத்தா தென்னை மரத்துல ஒரு பூ பூத்த மாதிரி இருக்கும். வளைஞ்ச உலோகத்துல எழுத்தை எழுதினா கீழ இருந்து பாக்குறவங்களுக்கு நேராத் தெரியணும், அதுக்கு அவர் எழுத்தோட மேல்பாதியைக் கொஞ்சம் அகலமா எழுதுவார். இதை எந்தக் காலேஜ்லயும் அவருக்குச் சொல்லித் தரல.

சீரியல் லைட்: நம்ம விஜே

எனக்கு இந்த எபிசோடுல ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். டெல்டாவுல எந்தக் கடை போர்டைப் பாத்தாலும் "ஒலி ஒளி அமைப்பு"ன்னு சேர்த்துத்தான் இருக்கும். சத்தம் போடுறவரே வெளிச்சமும் போடுவார். கிளப்புல டிஜே பக்கத்துல ஸ்கிரீன்ல படம் ஓட்ட விஜேன்னு தனியா ஒருத்தர் இருப்பார். இங்க ரெண்டும் ஒரே ஆளு, ஒரே வண்டி.

கோயில் வாசல்ல இருபது முப்பது அடி உயரத்துக்குச் சட்டம் கட்டி, கலர் பல்புலயே முருகன், மயில், பிள்ளையார். மயில் தோகை விரிக்கும். அம்மன் கையில இருந்து காசு கொட்டும். இன்னிக்கு அது எல்இடி, உள்ள ஒரு சின்ன சர்க்யூட். முன்னாடி எப்படி அசைஞ்சுச்சு?

ஒரு மர உருளை. அது மேல செம்புத் தகடுகளை வெட்டி, அங்கங்க ஆணி அடிச்சு வெச்சிருப்பாங்க. மோட்டார் உருளையைச் சுத்தும். உருளையை ஒட்டி வரிசையா கம்பிகள், ஒவ்வொரு கம்பியும் ஒரு பல்பு வரிசைக்கு. செம்பு வந்து கம்பியில பட்டா அந்த வரிசை எரியும், மரம் வந்தா அணையும். அப்போ மயில் தோகையை விரிக்கணும்னா, எந்த வரிசை எப்ப எரியணும்னு யோசிச்சு, அதை உருளை மேல செம்பு வடிவமா வெட்டணும். படத்தை நேரமா மாத்தி, அந்த நேரத்தை ஒரு உருளையில எழுதுறாங்க. பக்கத்துல மேஜை மேல ஒரு தட்டு சுத்துது, அதுல பாட்டோட நேரம் பள்ளமா எழுதியிருக்கு. ரெண்டு சுழற்சி, ஒண்ணு காதுக்கு, ஒண்ணு கண்ணுக்கு. எடிசன் முதல்ல குரலைப் பதிச்சதும் உருளையிலதாங்கறதை நினைச்சா எனக்குப் புல்லரிக்கும்.

மேற்கு வங்கத்துல சந்தன்நகர்னு ஒரு ஊர். இதே உருளை நுட்பத்துல தொடங்கி, விளக்கு வேலைக்கே அந்த ஊர் பேர் வாங்கிருச்சு. ஸ்ரீதர் தாஸ்னு ஒரு கலைஞர் பேரை அங்க எல்லாருக்கும் தெரியும். நம்ம பக்கம் அப்படி ஒரு பேரைக்கூட நாம ஞாபகம் வெச்சுக்கல. திருவிழா நோட்டீஸ்ல கடைசி வரியில "ஒலி ஒளி" போட்டு ஒரு கடை பேர் வரும், அதோட சரி.

மாமா ரெண்டையும் வேணும்னே சேர்ப்பார். உருளை மோட்டாரோட வேகத்தைக் கொஞ்சம் மாத்தி, பாட்டோட தாளத்துக்குத் தோகை விரியுற மாதிரி. எல்லாப் பாட்டுக்கும் அது ஒத்து வராது. ஒத்து வர்ற பாட்டுகளைப் பெட்டியில தனியா ஒரு பக்கம் வெச்சிருந்தார். அதுதான் அவரோட செட்லிஸ்ட்.

பிரான்க்ஸ்ல ஒரு அட்டை, டெல்டாவுல ஒரு நோட்டீஸ்

நியூயார்க் கதையையும் சொல்லிடுறேன், ஏன்னா அதுவும் அழகான கதை. 1973 ஆகஸ்ட் 11. பிரான்க்ஸ்ல 1520 செட்விக் அவென்யூ, ஒரு அடுக்குமாடி. சிண்டி கேம்பல்னு ஒரு பொண்ணு ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி புதுத் துணி வாங்கக் காசு வேணும்னு பார்ட்டி வெக்கிறா. பாட்டு போட அவ அண்ணன், கூல் ஹெர்க். கையால எழுதின சின்ன அட்டைதான் அழைப்பு. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். அன்னிக்கு ஹெர்க் ரெண்டு டர்ன்டேபிள் வெச்சுப் பாட்டோட தாளப் பகுதியைத் திரும்பத் திரும்ப இழுத்தது ஹிப்ஹாப்போட பிறப்புன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் பார்ட்டி நோட்டீஸ் வரையுறதே ஒரு கலையாச்சு. படி எஸ்கொயர்னு ஒருத்தர் வரைஞ்ச நோட்டீஸ்களை இன்னிக்கு மியூசியம், யுனிவர்சிட்டி எல்லாம் பத்திரப்படுத்துது.

அதே வருஷங்கள்ல நம்ம ஊர்ல ரோஸ் கலர், மஞ்சக் கலர் மெல்லிசுத் தாள்ல பிட் நோட்டீஸ். "ரெக்கார்டு டான்ஸ்"னு பெரிய எழுத்து. எம்ஜிஆர் தொப்பி, சிவாஜி மீசை வெச்சுக்கிட்டு தட்டுல ஓடுற பாட்டுக்கு ஆடுவாங்க. அந்தத் தாளை யார் வெச்சிருக்காங்க? அந்த ஆட்டத்துல பொண்ணுங்களை எப்படி நடத்தினாங்க, எவ்வளவு கேவலமாப் பேசினாங்கங்கறது தனியா ஒரு எபிசோடு வேணும். நான் அதை ரொமான்டிக்காக் காட்ட விரும்பல. இப்ப அது "ஆடல் பாடல்"னு பேர் மாறி, ஒவ்வொரு சித்திரையிலும் போலீஸ் அனுமதி கிடைக்கலன்னு ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போகுது. ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாதுன்னு நிபந்தனையோட அனுமதி வருது.

தமிழ் ஆளு ஒருத்தர் இந்த உலகத்தையும் அந்த உலகத்தையும் சேர்த்தது லண்டன்லதான் நடந்துச்சு. மாதங்கி அருள்பிரகாசம், நமக்கு எம்.ஐ.ஏ. பாட்டுக்கு முன்னாடி அவங்க விஷுவல் ஆர்ட்டிஸ்ட். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ்ல படிச்சாங்க. 2001-ல அவங்க ஓவியக் கண்காட்சி, ஸ்டென்சில் வெட்டி ஸ்ப்ரே பெயின்ட் அடிச்ச படங்கள். 2005-ல 'அருளர்', 2007-ல 'கலா'. அப்பா பேரு, அம்மா பேரு. 'கலா'வுக்கு சென்னையில உறுமி மேளம் பதிவு பண்ணாங்க. 'தளபதி' படத்து இளையராஜா பாட்டை ஒரு ட்ராக்ல சாம்பிள் பண்ணாங்க. ஈழத்துல இருந்து அகதியா லண்டன் போன பொண்ணு, ஸ்டென்சிலையும் சாம்பிளையும் ஒரே வேலையாத்தான் பாத்தாங்கன்னு நினைக்கிறேன். வெட்டி எடு, வேற இடத்துல பதி.

கடைசியா ஒரு பேர், கிறிஸ்டியன் மார்க்லே. 1980-கள்ல வேற வேற ரெக்கார்டை வெட்டி, துண்டுகளை ஒரே தட்டா ஒட்டினார். சுவர்லயும் மாட்டலாம், ஓடவும் விடலாம். ஊசி ஒவ்வொரு ஒட்டுலயும் தடுக்கி அடுத்த பாட்டுக்குத் தாவும். எனக்கு மார்க்லேயைப் பிடிக்கும். ஆனா அவரைப் பாத்தப்போ எனக்கு அது புதுசாத் தெரியல. ஏன்னு சொல்றேன்.

பெட்டி மூடி

2000-ல ஒலி மாசு விதிகள் வந்துச்சு. ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. 2005-ல சுப்ரீம் கோர்ட் அதை இன்னும் இறுக்கிச்சு. கூம்பு ஸ்பீக்கருக்குத் தடைன்னு ஊர் ஊரா போலீஸ் கழட்டிட்டுப் போனாங்க. நான் இதுக்கு எதிரி இல்ல. பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைங்க, உடம்பு முடியாதவங்க இருக்குற தெருவுல விடியக்காலை நாலு மணிக்குக் குழாய் அலறினா தாங்க முடியாது, நானே திட்டியிருக்கேன். அதே சமயத்துல ஃப்ளெக்ஸ் வந்து பெயின்டரை வீட்டுக்கு அனுப்பிச்சு. பென்டிரைவ் வந்து தட்டை அனுப்பிச்சு. சத்தத்தைத் தடை பண்ணினதுல தப்பில்ல, ஆனா அந்தக் குழாய் மேல இருந்த ஓவியமும் சேர்ந்து காயலான் கடைக்குப் போச்சு. அதைத் தனியா எடுத்து வெக்கணும்னு யாருக்கும் தோணல. எனக்கும் தோணலைங்கறதுதான் வருத்தம். மாமா கொட்டகையை இடிச்சப்போ நான் சென்னையில வேலையில இருந்தேன். உறைகளை எடைக்குப் போட்டாச்சுன்னு அம்மா போன்ல சொன்னாங்க. சரிம்மான்னுட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போயிட்டேன். உருளையை வென்னீர் அடுப்புல வெச்சுட்டாங்க, செம்பை மட்டும் பிரிச்சு வித்துட்டாங்க.

தகரப் பெட்டி மட்டும் மிச்சம். போன பொங்கலுக்குப் போனப்போ திறந்து பாத்தேன். உள்ள வேட்டி, பழைய பத்திரம். மூடியோட உள்பக்கம் பாத்தா நடுவுல காலண்டர்ல இருந்து வெட்டின முருகன். அவரைச் சுத்தி வட்டமா, உடைஞ்ச 78 தட்டுகளோட நடுப்பகுதி மட்டும். லேபிள் உரியாதுன்னு சொன்னேன்ல, அதனால தட்டையே அரத்தால தேய்ச்சு வட்டமாக்கி ஒட்டியிருக்கார். மொத்தம் பதினொண்ணு. ஏழுல நாய். எல்லா நாயும் முருகனைப் பாத்து உட்கார்ந்திருக்குற மாதிரி திருப்பித் திருப்பி வெச்சிருக்கார். தஞ்சாவூர்க் கலைத்தட்டு டிசைன் அப்படியே.

எப்ப மாமா இதைச் செஞ்சீங்கன்னு கேட்டேன். உடைஞ்சதைத் தூக்கிப் போட மனசு வரலை, அதான் என்றார். பன்னிரண்டாவதுக்கு இடம் விட்டிருக்கீங்களேன்னு கேட்டேன். அதுக்கப்புறம் எதுவும் உடையலைடா, தட்டுல பாட்டு போடுறதே நின்னு போச்சேன்னார்.

மூடியோட படம் இந்த எபிசோடு பக்கத்துல இருக்கு. முருகனுக்கு இடது பக்கம் கீழ பாருங்க, அந்தக் காலி இடம் தெரியும்.